பள்ளியில் எத்தனை பிள்ளைகள், யார் யார்?

இங்கே மொரீஷியஸில் ஜனவரியில் பள்ளி திறப்பதற்கு முன் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பாதி 'இடம் கிடைக்குமா' என்றுதான் இருக்கும். இந்த முறை வந்தவை வேறு மாதிரி. வகுப்பில் எத்தனை பேர், எந்த வீட்டுப் பிள்ளைகள், அதில் நம் தமிழ்ப் பிள்ளைகள் எத்தனை என்று ஆளுக்கொரு பக்கமிருந்து ஒரே விஷயத்தைக் கேட்டிருக்கிறீர்கள். அதனால் இந்த இதழில் இது ஒன்றுதான் பேச்சு. கேட்டவர்களின் பெயரை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

டீச்சரம்மா, என் மகளுக்கு ஐந்து வயது முடிந்துவிட்டது, வருகிற ஜனவரியில் கிரேட் 1. எங்கள் கிராமத்து அரசுப் பள்ளியில் போன வருஷம் கிரேட் 1இல் மொத்தமே 12 பிள்ளைகள்தானாம். 'பிள்ளைகளே இல்லாத பள்ளியில் போட்டுப் பாழாக்காதே' என்று என் மாமியார், ரோஸ் பெல்லில் இருக்கும் தன் தம்பி வீட்டு முகவரியைக் கொடுத்து அங்கே சேர்க்கச் சொல்கிறார். என்ன செய்யட்டும்?
(ஒரு தாய், சூயாக் பக்கம்)

முதலில் அந்த முகவரி யோசனையை விட்டுவிடுங்கள் அம்மா. ஒவ்வொரு அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் இன்னின்ன பகுதி என்று எல்லை இருக்கிறது, மின்சார பில்லோ தண்ணீர் பில்லோ காட்டித்தான் பதிவு செய்ய வேண்டும். சொந்தக்காரர் வீட்டு பில்லைக் காட்டிச் சேர்த்துவிட்டு, அந்தச் சின்னப் பிள்ளையைத் தினமும் இருட்டோடு எழுப்பி பஸ் ஏற்றுவதும், டீச்சர் 'வீடு எங்கே' என்று கேட்டால் இப்படிச் சொல் என்று பொய் பழக்குவதும் எந்தப் பெரிய பள்ளிக்கும் தகாத விலை.

சரி, 12க்கு வருவோம். அந்த எண் உங்கள் பள்ளியின் தரத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, நம் நாட்டைப் பற்றித்தான் சொல்கிறது. 1960களின் தொடக்கத்தில் மொரீஷியஸில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 6 பிள்ளைகள், இன்றைக்கு 1.4 அளவில் இருக்கிறது. 2000இல் நாடு முழுவதும் ஏறக்குறைய 20,000 குழந்தைகள் பிறந்தார்கள், இப்போது வருஷத்துக்கு 12,000, 13,000 என்ற அளவில்தான். தொடக்கப் பள்ளிகளில் அன்று 1,30,000க்கு மேல் பிள்ளைகள் இருந்தார்கள், இன்று 90,000க்கும் கீழே. பள்ளிகளோ இன்னும் 300க்கு மேல் இருக்கின்றன, அப்போது வகுப்பு சின்னதாகத்தானே ஆகும்? அதிலும் தெற்கில் கரும்பாலைகள் ஒவ்வொன்றாக மூடியபிறகு ஆலையை நம்பி இருந்த கிராமங்களிலிருந்து இளசுகள் வேலை தேடி நகரத்துப் பக்கம் போய்விட்டார்கள், கல்யாணம் ஆனதும் அங்கேயே வீடும் எடுத்துவிட்டார்கள். உங்கள் ஊரில் இருக்கும் தாத்தா பாட்டிகளின் எண்ணிக்கையையும் பள்ளியில் இருக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், விஷயம் புரிந்துவிடும்.

ஆனால் ஒரு வருஷத்து எண்ணை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். பள்ளிக்கு நேரில் போய் கிரேட் 1 முதல் 6 வரை ஒவ்வொரு வகுப்பிலும் எத்தனை பேர் என்று கேளுங்கள், சொல்வார்கள். நம் தொடக்கப் பள்ளிகளில் பிள்ளைகளை ஃபெயிலாக்கி நிறுத்துவது கிடையாது, வருஷா வருஷம் அப்படியே மேலே போகிறார்கள், அதனால் இன்றைய கிரேட் 1தான் ஐந்து வருஷம் கழித்து கிரேட் 6. மேல் வகுப்பில் 25, அதற்குக் கீழே 22, 19, 16 என்று படிப்படியாக இறங்கி 12க்கு வந்திருந்தால் அது சரிவு. 15, 11, 17, 13, 16, 12 என்று ஏறி இறங்கிக்கொண்டிருந்தால் அது அந்த ஊரின் இயல்பு, பயப்பட ஒன்றுமில்லை.

அப்புறம் ஆசிரியர் கணக்கு. 'எங்கள் பள்ளியில் இத்தனை பிள்ளைக்கு ஒரு டீச்சர்' என்று யாராவது பெருமையாகச் சொன்னால் அந்த டீச்சர்களில் யார் யாரைச் சேர்த்தார்கள் என்று கேளுங்கள். வகுப்பை நாள் முழுக்க வைத்திருக்கும் பொது ஆசிரியர் வேறு, தமிழ், இந்தி, உருது என்று ஒரு பீரியட் வந்து போகும் மொழி ஆசிரியர் வேறு. எல்லாரையும் கூட்டி வகுத்தால் எண் ரொம்ப அழகாக வரும், ஆனால் உங்கள் மகளுக்கு எழுத்துக் கூட்டிச் சொல்லித்தரப் போகிறவர் ஒரே ஒருவர். அவர் யார், அந்த வகுப்புக்கு மட்டும்தானா, இல்லை இரண்டு வகுப்பைச் சேர்த்துப் பார்க்கிறாரா என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி.

சின்ன வகுப்பில் கஷ்டமே இல்லையா என்றால் இருக்கிறது. 12 பேரில் 9 பையன்களும் 3 பெண்களும் என்று அமைந்துவிட்டால், அந்த மூன்றில் இரண்டு சேர்ந்துகொண்டு ஒன்றை ஒதுக்கினால் அந்தப் பிள்ளை போக வேறு கூட்டம் கிடையாது. ஆறு வருஷமும் அதே முகங்கள்தான். இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன், லேசான விஷயமில்லை. இன்னொரு பக்கம், எதுவும் புரியாமல் கடைசி பெஞ்சில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளையை 12 பேர் வகுப்பில் இரண்டே நாளில் கண்டுபிடித்துவிடலாம். 35 பேர் வகுப்பில் அந்தப் பிள்ளை ஒரு டெர்ம் முழுக்கத் தப்பித்துவிடும். பக்கத்திலேயே வீடு, நடந்தே போய் வரலாம் என்றால் நான் உள்ளூர்ப் பள்ளியில்தான் போடுவேன். மாமியாரையும் ஒரு நாள் பள்ளிக்குக் கூட்டிப்போங்கள், வகுப்பைப் பார்த்தபின் அவரே மனசு மாறக்கூடும்.

மதிப்பிற்குரிய டீச்சர், நம் நாட்டுப் பள்ளிகளில் தமிழ்ப் பிள்ளைகள் மொத்தம் எத்தனை பேர்? எங்கே தேடியும் கணக்கு இல்லை. மறைக்கிறார்களா?
(ஓய்வு பெற்ற ஊழியர், போர்ட் லூயிஸ்)

மறைக்கவில்லை ஐயா, எண்ணுவதே இல்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 'நீ எந்தச் சமூகம்' என்று கடைசியாகக் கேட்டது 1972இல். அதன்பிறகு அந்தக் கேள்வியை எடுத்துவிட்டார்கள். தேர்தலில் தோற்றவர்களிலிருந்து சமூக வாரியாக ஆள் எடுத்து நிரப்பும் 'பெஸ்ட் லூசர்' இடங்களுக்கு இன்றுவரை அந்த 1972 கணக்கைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறோம் என்பது தனிக் கதை. அந்தக் கணக்கிலும் நாம் தனியாக இல்லை. அரசியலமைப்பு சொல்லும் நான்கு சமூகங்கள் இந்து, முஸ்லிம், சீன மொரீஷியர், இந்த மூன்றிலும் சேராத 'பொது மக்கள்', அவ்வளவுதான். தமிழர், தெலுங்கர், மராட்டியர் எல்லாரும் முதல் பெட்டிக்குள். கணக்கெடுப்பின் சமயக் கேள்விக்குத் 'தமிழ்' என்றே எழுதிவிட்டுப் போகிறவர்கள் நம் வீடுகளில் இருக்கிறார்கள், ஆனால் பள்ளிப் பதிவேட்டில் அதற்கெல்லாம் இடம் கிடையாது.

பள்ளிகளிடம் புள்ளிவிவரத் துறை ஒவ்வொரு வருஷமும் மார்ச் மாத நிலவரத்தைக் கேட்டு வாங்குகிறது. அதில் வகுப்பு, வயது, ஆண் பெண், ஆசிரியர் எல்லாம் வரும், பிள்ளை எந்தச் சமூகம் என்பது வராது. அதற்குக் கொஞ்சமாவது பக்கத்தில் வருவது, பிள்ளை எந்த மொழியைப் பாடமாக எடுக்கிறது என்ற மொழிப்பாடக் கணக்கு மட்டும்தான். அதையும் 'தமிழர் எண்ணிக்கை' என்று படித்தால் தப்பு. தமிழ் வீட்டுப் பிள்ளை, இங்கே பெரும்பாலோர் வீட்டில் பேசும் கிரியோல் மொரீஷியனை எடுக்கலாம், தமிழ் வீடாக இல்லாத பிள்ளை தமிழ் எடுக்கலாம், கலப்புக் குடும்பத்தில் அண்ணன் ஒரு மொழி தங்கை ஒரு மொழி என்றும் இருக்கிறது. பேரை வைத்து எண்ணலாமே என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம் ஐயா. பிள்ளை, செட்டி, வீராசாமி என்று முடியும் பேர் உள்ள எத்தனையோ குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக மாதா கோயிலுக்குப் போகின்றன, அவர்கள் தங்களை எப்படிச் சொல்லிக்கொள்கிறார்களோ அப்படித்தான். பேரைப் பார்த்து நாம் பெட்டியில் போடக் கூடாது.

எண்ணாமல் விட்டதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன். பள்ளிச் சேர்க்கையில் சமூகமும் சமயமும் நுழைந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் கண்முன்னேயே ஒன்று நடந்தது: கத்தோலிக்க இடைநிலைப் பள்ளிகளில் பாதி இடங்களைக் கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு ஒதுக்கியது நீதிமன்றத்துக்குப் போய், 2004இல் நம் கடைசி மேல்முறையீட்டு இடமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, அது பாகுபாடு என்று தீர்ப்பானது. ஒரு பிள்ளை வாசலில் நிற்கும்போது 'இது யார் வீட்டுப் பிள்ளை' என்ற கேள்வி முதலில் வரவே கூடாது, இதில் எனக்கு இரண்டாம் கருத்து கிடையாது.

டீச்சரம்மா, என் தங்கை கல்யாணமாகி அமெரிக்காவில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறாள். மழலை வகுப்பிலிருந்து 8ஆம் வகுப்புவரை ஒரே கட்டடத்தில் இருக்கும் பள்ளியில் மகனைச் சேர்க்கப் போகிறாள். அந்தப் பள்ளியின் விவரத்தை எனக்கு அனுப்பினாள், பார்த்து எனக்கு ஒரே குழப்பம். வெள்ளையர் இத்தனை சதவீதம், கறுப்பர் இத்தனை, ஹிஸ்பானியர் இத்தனை, ஆசியர் 2 சதவீதம், இலவச மதிய உணவு வாங்குவோர் பாதிக்கு மேல் என்று பட்டியல் போட்டிருக்கிறது. 'நம் ஆட்கள் இல்லாத ஏழைப் பள்ளி, பையன் தனியாகிவிடுவான்' என்று தங்கை அழுகிறாள். இதை எப்படி எடுத்துக்கொள்வது?
(அக்கா, கத்ர் போர்ன்)

தங்கையிடம் அழ வேண்டாம் என்று சொல்லுங்கள், அந்தப் பட்டியலைப் படிக்க ஒரு முறை இருக்கிறது. கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், இப்படி உறவுகள் வெளிநாட்டில் இருக்கும் வீடுகள் நம்மிடையே நிறைய.

அங்கே நமக்கு நேர் எதிர். நாம் சமூகத்தைக் கேட்பதில்லை, அவர்கள் ஒவ்வொரு பிள்ளைக்கும் கேட்கிறார்கள். நிறத்தை வைத்துப் பிள்ளைகளைத் தனித்தனிப் பள்ளிகளில் அடைத்து வைத்திருந்த நாடு அது. 1954இல் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்று சொன்ன பிறகும் எந்தப் பள்ளியில் யார் இருக்கிறார்கள், யாருக்கு என்ன கிடைக்கிறது என்று கண்காணிக்க இந்தக் கணக்கு தேவைப்பட்டது. சேர்க்கைப் படிவத்தில் முதலில் 'ஹிஸ்பானியரா, இல்லையா', அதாவது ஸ்பானிஷ் பேசும் நாடுகளில் வேர் உள்ள குடும்பமா என்று ஒரு கேள்வி, அடுத்து இனம் என்ன என்று ஒரு கேள்வி. முதலாவதுக்கு ஆம் என்றால் இரண்டாவதில் எதைக் குறித்தாலும் அந்தப் பிள்ளை ஹிஸ்பானியர் கணக்கில்தான் போகும். இரண்டு இனத்தைக் குறித்தால் 'இரண்டோ அதற்கு மேலோ' என்று தனிப் பெட்டி. ஆக மொத்தம் ஏழு பெட்டிகள். படிவத்தில் ஒன்றும் குறிக்காமல் விட்டால் பள்ளிக்காரர்களே பிள்ளையைப் பார்த்து ஒன்றைப் போட்டுக்கொள்ளலாம், அதனால் தங்கையே நிரப்பிவிடட்டும். 2024இல் இந்தக் கேள்விகளை ஒன்றாக்கி, மத்திய கிழக்கு, வட ஆப்பிரிக்கா என்று புதுப் பெட்டி சேர்க்க அங்கே விதி மாற்றினார்கள், அது பள்ளிப் படிவம்வரை வந்து சேரக் காலம் பிடிக்கும்.

இதில் உங்கள் தங்கை மகன் எங்கே வருவான்? இந்தியத் துணைக்கண்டத்தில் வேர் உள்ளவர்கள் எல்லாரும் 'ஆசியர்'. மொரீஷியஸில் பிறந்து, வீட்டில் கிரியோல் பேசி, பள்ளியில் பிரெஞ்சு படித்து வளர்ந்தவளின் மகன், கொரியப் பிள்ளைக்கும் பிலிப்பைன்ஸ் பிள்ளைக்கும் பக்கத்தில் அதே பெட்டியில். 'ஆசியர் 2 சதவீதம்' என்று பட்டியலில் இருப்பது இதைத்தான், அதில் தமிழர் ஒருவர்கூட இல்லாமலும் இருக்கலாம், எல்லாருமே தமிழராகவும் இருக்கலாம்.

அந்தப் பள்ளியில் 180 பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். மழலை வகுப்பும் எட்டு வகுப்புகளும் சேர்ந்து ஒன்பது, வகுப்புக்கு 20 பேர். 2 சதவீதம் என்பது மூன்று அல்லது நான்கு பிள்ளைகள். அதில் இரண்டு பேர் ஒரே வீட்டு அண்ணன் தம்பியாக இருந்து, அப்பாவுக்கு வேலை மாற்றம் வந்து குடும்பம் ஊரை விட்டுப் போனால் அடுத்த வருஷம் 'ஆசியர் பாதியாகக் குறைந்தனர்' என்று பட்டியல் காட்டும். பள்ளியில் ஒன்றுமே மாறியிருக்காது, ஒரு வீடு காலியாகியிருக்கும், அவ்வளவுதான். ஒரு வகுப்பில் ஒரு பிள்ளை என்றாலே 5 சதவீதம். சின்னப் பள்ளியில் சதவீதத்தைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டுத் தலைகளை எண்ணச் சொல்லுங்கள்.

தேர்வு மதிப்பெண் பகுதியில் சில கட்டங்களில் எண்ணே இல்லாமல் நட்சத்திரக் குறி இருந்தால் அதற்கும் பயப்பட வேண்டாம். ஒரு பிரிவில் பத்து பேர்கூட இல்லை என்பது போன்ற நிலையில், எண்ணைப் போட்டால் எந்தப் பிள்ளை எவ்வளவு வாங்கியது என்று ஊருக்கே தெரிந்துவிடும் என்பதால் மூடி வைக்கிறார்கள். எத்தனை பேருக்குக் கீழே மூடுவது என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

அடுத்தது இலவச மதிய உணவு. அங்கே வறுமைக் கோடு என்று ஒரு வருமானம் வைத்திருக்கிறார்கள். குடும்ப வருமானம் அதில் 130 சதவீதத்துக்குள் இருந்தால் சாப்பாடு இலவசம், 185 சதவீதத்துக்குள் இருந்தால் சலுகை விலை. ரொம்ப காலமாகப் பள்ளியின் ஏழ்மையை அளக்க இந்த எண்ணைத்தான் பயன்படுத்தினார்கள். ஆனால் 2014க்குப் பிறகு, ஏற்கெனவே அரசு உதவி பெறும் குடும்பங்கள் குறிப்பிட்ட அளவுக்கு மேல் இருக்கிற பள்ளி, விண்ணப்பமே வாங்காமல் எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசமாகப் போடலாம் என்ற திட்டம் நாடு முழுவதும் வந்துவிட்டது. முன்பு 40 சதவீதம் இருக்க வேண்டும் என்றிருந்ததை 2023இல் 25 ஆகக் குறைத்தார்கள். அப்படிப்பட்ட பள்ளியில் வசதியான வீட்டுப் பிள்ளையும் அதே தட்டில்தான் சாப்பிடுகிறது. ஆகவே அந்த எண்ணைப் பார்த்து 'ஏழைப் பள்ளி' என்று சொல்வதற்கு முன் பள்ளி அந்தத் திட்டத்தில் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். ஏழைப் பிள்ளைகள் அதிகம் என்றே வைத்துக்கொண்டாலும் அதில் என்ன தப்பு அம்மா? நாம் எந்த வரிசையிலிருந்து வந்தவர்கள் என்பது நமக்குத் தெரியும். இங்கே 2003லிருந்து முன்னுரிமைக் கல்வி வலயம் என்று பின்தங்கிய பகுதிப் பள்ளிகளுக்குச் சாப்பாடும் கூடுதல் கவனிப்பும் கொடுத்தபோதும், அந்தப் பள்ளியின் பேரைச் சொன்னாலே முகம் சுளித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த முகச்சுளிப்பு பிள்ளைகளுக்குத் தெரியும். அதுதான் மனதை அறுக்கும்.

கடைசியாக ஒன்று, இது அவசியம் தங்கைக்குச் சொல்லுங்கள். சேர்க்கும்போது 'வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள்' என்று தனிப் படிவம் தருவார்கள். கிரியோல் என்றோ தமிழ் என்றோ எழுதினால் பையனுக்கு ஆங்கிலத்தில் ஒரு சோதனை வைப்பார்கள். அவனுக்குக் கூடுதல் உதவி தேவை என்று தெரிந்தால் 'ஆங்கிலம் கற்போர்' கணக்கில் சேர்த்து, தொடக்க வருஷமானால் 30 நாளுக்குள் பெற்றோருக்கு எழுத்தில் சொல்ல வேண்டும். இதை அவமானமாக நினைத்துப் பல வீடுகளில் 'ஆங்கிலம்' என்று எழுதிவிடுகிறார்கள். பிள்ளைக்குக் கிடைக்க வேண்டிய உதவியைத் தங்கள் கையாலேயே தள்ளிவிடுகிறார்கள். உள்ளதை உள்ளபடி எழுதட்டும்.

பையன் தனியாகிவிடுவானா என்பதற்கு எந்தப் பட்டியலிலும் பதில் இல்லை. பள்ளி முடியும் நேரத்துக்குப் போய் வாசலில் கொஞ்ச நேரம் நிற்கச் சொல்லுங்கள். பிள்ளைகள் கும்பல் கும்பலாக வருகிறார்களா, ஒற்றை ஒற்றையாக வருகிறார்களா, பெரிய பிள்ளை சின்னதின் பையைத் தூக்கி வருகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். மழலையும் எட்டாம் வகுப்பும் ஒரே கட்டடத்தில் இருக்கும் பள்ளிகளில் இது நன்றாகவே தெரியும்.

எங்கள் பள்ளியில் கிரேட் 1இல் தமிழ் எடுத்தது ஐந்து பிள்ளைகள். அடுத்த வருஷம் தமிழ் இருக்குமோ இருக்காதோ என்று பேச்சு. பெற்றோர்களாகிய நாங்கள் என்ன செய்ய முடியும்?
(தமிழ்ச் சங்க உறுப்பினர், கியூர்பீப்)

செய்ய முடியும், அதுவும் ஒரு பேனாவால். பள்ளிக் கணக்கில் இருக்கும் எண்களிலேயே குடும்பங்கள் தாங்களாக மாற்றக்கூடியது இது ஒன்றுதான். பிறப்பு விகிதத்தை நாம் ஒன்றும் செய்ய முடியாது, எல்லையை மாற்ற முடியாது. கிரேட் 1 பதிவின்போது மொழிப்பாடம் எது என்று கேட்கும் இடத்தில் என்ன எழுதுகிறோம் என்பது முழுக்க நம் கையில்.

தமிழ் வகுப்பு எப்படி நடக்கிறது என்று பார்க்காத பெற்றோர் நிறையப் பேர். மணி அடித்ததும் வகுப்பு பிரிகிறது. இந்திப் பிள்ளைகள் ஒரு பக்கம், உருது ஒரு பக்கம், கிரியோல் ஒரு பக்கம், தமிழ்ப் பிள்ளைகள் நாலைந்து பேர் மகாத்மா காந்தி நிறுவனம் போட்ட பாடப்புத்தகத்தை எடுத்துக்கொண்டு தாழ்வாரத்தைக் கடந்து போகிறார்கள். எண்ணிக்கை குறைந்தால் இரண்டு கிரேட்டை ஒன்றாக உட்கார வைத்து, கரும்பலகையை நடுவில் கோடு போட்டுப் பிரித்து, இந்தப் பக்கம் உயிரெழுத்து அந்தப் பக்கம் சின்ன வாக்கியம் என்று டீச்சர் எழுதுவார். ஒருவரே இரண்டு பள்ளிக்கு ஓடுவதும் உண்டு. ஒரு டீச்சர் நூறு ரூபாய் நோட்டை எடுத்து நீட்டி, அதில் இருக்கும் தமிழைக் கூட்டிப் படிக்கச் சொல்வார். கடைக்குப் போகும்போதெல்லாம் கையில் வைத்திருந்த நோட்டில் தங்கள் எழுத்து இருப்பதை அந்தப் பிள்ளைகள் அப்போதுதான் பார்ப்பார்கள், கண் விரியும்.

அந்த நோட்டுக்காக 1998இல் நாம் என்ன செய்தோம்? தமிழுக்கு முன்னால் இந்தியை அச்சடித்தார்கள் என்று ஊரே கொதித்துத் தெருவில் இறங்கியது, மத்திய வங்கி அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்று வரிசையை மாற்றி அச்சடித்தது. அதில் நின்ற குடும்பங்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்று கிரேட் 1க்கு வருகிறார்கள். நோட்டில் தமிழ் எந்த வரியில் இருக்கிறது என்பதற்குக் காட்டிய வேகத்தில் பாதியையாவது, அந்த வரியைப் படிக்கத் தெரிந்த பிள்ளை இருக்கிறதா என்பதற்குக் காட்டுங்கள் என்று நான் கெஞ்சிக் கேட்கிறேன். காவடி எடுக்க வரும் கூட்டத்தையும் தமிழ் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் ஐந்து பேரையும் ஒரே ஊரில் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது.

கிரியோலைக் குறை சொல்லாதீர்கள். 2012இல் அது பாடமாக வந்தது சரியான காரியம். 2011 கணக்கெடுப்பில் 84 சதவீதம் பேர் வீட்டில் பேசுவது கிரியோல் என்றார்கள், நம் வீடுகளும் அதில் அடக்கம். பிள்ளை அதை எடுத்தால் எதையும் இழந்துவிடவில்லை. ஆனால் 'தமிழ் கஷ்டம், யாருக்கு வேண்டும்' என்ற ஒரே காரணத்துக்காக மாற்றி எழுதுகிறவர்களிடம் மட்டும் பேசுங்கள். பதிவு தொடங்குவதற்கு முன்னாலேயே வீடு வீடாகப் போங்கள். பாலர் பள்ளி வாசலில் நின்று தாய்மார்களிடம் சொல்லுங்கள், கோயிலில் வெள்ளிக்கிழமை பூஜை முடிந்து பிரசாதம் வாங்கிக் கிளம்பும் முன் ஐந்து நிமிஷம் கேளுங்கள். தமிழ் வீடாக இல்லாதவர்களையும் கேளுங்கள், யாரும் எடுக்கலாம். கிரேட் 6 முடிவில் எழுதும் பி.எஸ்.ஏ.சி. தேர்வுவரை அது ஒரு பாடம் என்பதையும் சொல்லுங்கள், அதற்காகவே யோசிக்கிற அப்பாக்கள் இருக்கிறார்கள். ஐந்து எட்டானாலே டீச்சருக்குத் தெம்பு வந்துவிடும்.

நாங்கள் சென்னையிலிருந்து வேலைக்காக வந்திருக்கிறோம். ஏழு வயது மகனை அரசுப் பள்ளியில் போட்டால் அவன் மட்டும்தான் வெளிநாட்டுப் பிள்ளையாக இருப்பானோ?
(ஒரு தந்தை, எபேன்)

எபேன் சுற்றுவட்டாரத்தில் வேலைக்கு வந்த குடும்பங்கள் நிறைய இருப்பதால் அவன் மட்டும் என்று சொல்ல முடியாது, ஆனால் பெரும்பாலோர் கட்டணப் பள்ளிக்குப் போய்விடுகிறார்கள் என்பது உண்மை. தமிழ் வகுப்பில் அவன் முதல் நாளே முன்னால் இருப்பான், அது அவனுக்கு ஒரு பிடிப்பு. சிரமம் மற்ற நேரத்தில்தான்: புத்தகம் ஆங்கிலத்தில், டீச்சர் விளக்குவது பாதி பிரெஞ்சிலும் கிரியோலிலும், விளையாட்டு முழுக்கக் கிரியோலில். பிள்ளைகள் கிரியோலைச் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள், பிரெஞ்சுக்கு மட்டும் வீட்டில் கூடுதல் ஏற்பாடு செய்யுங்கள் சார்.

கிரேட் 6 முடித்துப் போகும் பிள்ளைகள் எங்கே போய்ச் சேர்கிறார்கள்? எங்கள் சின்னப் பள்ளியிலிருந்து போன 14 பேரும் சிதறிவிட்டார்களே?
(தாத்தா, ஃப்ளாக்)

சிதறத்தான் செய்வார்கள் ஐயா. நாடு நான்கு கல்வி வலயமாகப் பிரிந்திருக்கிறது. 2017லிருந்து பழைய சி.பி.இ. தேர்வு போய் பி.எஸ்.ஏ.சி. வந்தபிறகு, தேர்வு முடிவு, பெற்றோர் விருப்பம், வீட்டுத் தூரம் மூன்றையும் பார்த்து வலயத்துக்குள் இருக்கும் பள்ளிகளில் கிரேட் 7க்கு இடம் கொடுக்கிறார்கள். அரசு இடைநிலைப் பள்ளிகளில் பல ஆண்களுக்கு மட்டும், பெண்களுக்கு மட்டும் என்றிருப்பதால் ஒரே வகுப்புப் பிள்ளைகள் அங்கேயே இரண்டாகப் பிரிந்துவிடுவார்கள். கிரேட் 9 தேர்வு முடிந்தபின் மேல் வகுப்புகளுக்கான 12 அகாடமிப் பள்ளிகளில் ஏதாவதொன்றுக்குப் போகிறவர்கள் இன்னொரு முறை இடம் மாறுவார்கள், அங்கே ஆணும் பெண்ணும் சேர்ந்து படிக்கிறார்கள். பேரனின் பழைய சிநேகிதர்கள் எந்தெந்தப் பள்ளி என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 2005லிருந்து மாணவர்களுக்கு பஸ் இலவசம், பள்ளி நேரத்தில் ஒரே பஸ்ஸில் ஏறும் பிள்ளைகளாவது வழியில் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள்.